சூட்டோடு கடலில் இறக்கிய சக்கரம்

போன மாதம் சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாண விருந்து. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் பாலத்தடி ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனாம். பேச்சு பழைய ஆட்கள் பக்கம் போனது. பட்டறையில் இருந்த இஞ்ஞாசிமுத்து பெயரைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

"யாரு, துரையோட படகுச் சக்கரத்த நடு ரோட்டுல கழட்டி விட்டாரே, அவரா?"

பிசைந்த சோற்றை அப்படியே இலையில் விட்டேன். ஒரு மனுஷன் இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தோட்டத்து இரும்பையெல்லாம் ஓட வைத்தார். அதில் ஒன்றும் இவர்களுக்கு ஞாபகம் இல்லை. கழன்ற சக்கரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதையும் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

சக்கரம் கழன்றது உண்மை. படகு உடைந்ததும் உண்மை. ஆனால் கழற்றி விட்டது இஞ்ஞாசி அண்ணன் இல்லை. அந்தப் பாவத்தில் முதல் பங்கு தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்த்த பெரிய கிராணி கிளாரன்சுக்கு. அடுத்த பங்கு ஜீப் டிரைவர் பழனியாண்டிக்கு. அவர் என் புருஷன். செத்துப் போய்விட்டார், அதற்காக மாற்றிச் சொல்ல முடியாது. மிச்சப் பங்கு எனக்கு. அந்தக் கல்யாணக்காரனிடம் இலையை மூடாமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குக் கேட்கப் பொறுமை இல்லை, பாயசம் வந்துவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

இஞ்ஞாசிமுத்து மெர்போக் பக்கத்து ஆள். சின்ன வயதிலேயே சுங்கை பட்டாணியில் ஒரு சீனன் லாரிப் பட்டறையில் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் மண்ணெண்ணெய்த் தட்டில் பேரிங் கழுவினார். அவருடைய வலது கை ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது, ஏதோ கியரில் போனது. எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது பெண்சாதி அகத்தாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு டின் பெட்டியும்தான் அவர் கொண்டு வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

அதிகம் பேச மாட்டார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி இருக்கும். கரகரவென்றால் ஒரு முகம், சத்தமே இல்லாவிட்டால் ஒரு முகம். அந்த இரண்டாவது முகம்தான் அவர் சிரிக்கிற முகம்.

தொள்ளாயிரத்து எழுபத்து நாலோ ஐந்தோ, புதிதாக ஒரு மேனேஜர் வந்தார், நாங்கள் துரை என்போம். மலையாளி. தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் பாதி மலாய் வந்து விழும். மீன் பிடிக்கிற பைத்தியம். ஒரு படகு வாங்கினார். அதை ஏற்றிப் போக இரண்டு சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று, டிரெய்லர் என்பார்கள். அதை ஜீப்புக்குப் பின்னால் மாட்டி கோத்தா கோலா மூடா வரைக்கும் இழுத்துப் போவார்கள். அங்கே ஆற்று முகத்தில் டிரெய்லரைப் பின்பக்கமாக உப்புத் தண்ணீருக்குள் தள்ளினால் படகு தானே மிதக்கும். என் புருஷன் ஓட்டுவார். திரும்பி வந்த பிறகு டிரெய்லரைப் பார்த்துக்கொள்வது இஞ்ஞாசி அண்ணன் வேலை.

அவர் அதைச் செய்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மரம் வெட்டு முடிந்து ரப்பர் பால் வாளியோடு போகிற வழியில்தான் பட்டறை. சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்குவார். நடுவில் குடுவை மாதிரி இருப்பது ஹப். அதன் வாயில் இருக்கிற தகர மூடியைத் தட்டிக் கழற்றுவார். நட்டு கழலாமல் குறுக்கே மடக்கிய ஒரு பின், பிறகு அந்த நட்டு. அதற்குப் பின்னால் பேரிங், உள்ளே இன்னொரு பேரிங். உருளைகளை வட்டமாக அடுக்கிய வளையல் மாதிரி இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் காய வைப்பார். பிறகு இடது உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸ். அது தேன் நிறத்தில் இருக்கும். பேரிங் விளிம்பை அந்தக் கிரீஸில் குத்திக் குத்தி எடுப்பார். மறுபக்கம் புழு மாதிரி கிரீஸ் வெளியே வருகிற வரைக்கும் விட மாட்டார். மேலே பூசிவிட்டுப் போகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. முகத்தில் பவுடர் போட்டால் வயிறு நிறையுமா என்று கேட்பார்.

இவ்வளவும் செய்துவிட்டு என் புருஷனுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்தச் சட்டத்தில்தான் கதையே இருக்கிறது. அவ்வளவு தூரம் ஓடி வந்த சக்கரத்தில் ஹப் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு கடல் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஏன் என்று நானே ஒரு நாள் கேட்டேன்.

"சூடான இரும்ப சடக்குன்னு தண்ணியில விட்டா அது மூச்ச உள்ள இழுக்கும் தங்கச்சி. மூச்சோட உப்புத் தண்ணியும் போயிரும். பின்னால இருக்கிற ரப்பர் வளையம் பாவம், எவ்வளவு தடுக்கும்? போன தண்ணி வெளிய வராது. உள்ளயே உக்காந்து தின்னும்."

அதனால் கரைக்குப் போனதும் ஜபருல்லா பாய் கடையில் என் புருஷன் ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும். அவசரமில்லாமல் குடிக்க வேண்டும். பிறகு வந்து புறங்கையை ஹப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய் மூக்கு மாதிரி குளிர்ந்திருந்தால் இறக்கலாம். ஆறு வருஷம் இது நடந்தது. துரைகூட முனகிக்கொண்டே காத்திருப்பார். சக்கரம் ஆறுவதற்கு டிரைவர் வயிறு நனைகிறது என்று ஜபருல்லா பாய் கேலி செய்வாராம்.

எண்பத்தொன்றாம் வருஷம், பெரிய வாரம். இதை இந்து ஆட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும், நானே அடுத்த வீட்டில் இருந்து தெரிந்துகொண்டதுதான். மாதா கோயில்காரர்களுக்குப் பெரிய வெள்ளி என்றால் ஆண்டவரை ஆணி அடித்துக் கொன்ற நாள். இஞ்ஞாசி அண்ணன் வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இரவுப் பூசை முடிகிற வரைக்கும் சுத்தியலைத் தொட மாட்டார். ஆணியைக் கையால் எடுக்க மாட்டார். அகத்தா அம்மியில் மிளகாய்கூடத் தட்ட மாட்டாள். தோட்டம் முழுக்க இது தெரியும். துரைக்கும் தெரியும், அந்த இரண்டு நாளும் பட்டறைக்கு அவரைக் கூப்பிட மாட்டார்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் டிரெய்லரின் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, கழுவி, புதுக் கிரீஸ் அடைத்தார். நான் வாளியோடு போகும்போது இடது பக்கத்தை முடித்துவிட்டு வலது பக்கத்து மூடியை ஒரு கட்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை. நாளைக்கும் மறுநாளைக்கும் சேர்த்து இன்றைக்கே தட்டுகிறீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே என் மேல் காறித் துப்பத் தோன்றுவது இதனால்தான்.

மறுநாள் வெள்ளி. துரை அந்த வாரம் பினாங்குக்குப் போயிருந்தார். இஞ்ஞாசி அண்ணன் குடும்பம் விடியற்காலை பஸ்சில் சுங்கை பட்டாணிக் கோயிலுக்குப் போய்விட்டது. கிளாரன்ஸ் கிராணியும் கோயில்காரர்தான், கோயில் கமிட்டியிலேயே இருந்தார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று அவர் பெண்சாதி பேட்ரிசியா கோயிலில் எல்லோரிடமும் சொன்னாளாம். அவளிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

காய்ச்சல்காரர் தொப்பி போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அலோர் ஸ்டாரிலிருந்து மூன்று சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். சர்க்கார் ஆபீஸ் ஆட்கள், கெடாவில் வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு. துரை படகை அவர்களுக்குக் காட்டி, தன் படகு மாதிரி பீற்றிக்கொள்ள வேண்டும் அவருக்கு. என் புருஷனை வண்டியை எடுக்கச் சொன்னார். இவர் எடுத்தார். துரை உத்தரவு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரைக்குப் போனபோது மணி ஒன்று. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கிராணி அவசரப்பட்டார். ஜபருல்லா பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்ததால் கடை சாத்தியிருந்தது. கடை இல்லை, தேத்தண்ணி இல்லை. என் புருஷன் அப்படியே பின்னால் தள்ளிச் சூட்டோடு இறக்கினார். இறக்கும்போது சுர்ரென்று சத்தம் வந்ததாம். அதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

சாயங்காலம் பேப்பரில் சுற்றி ஒரு பெரிய சியாக்காப் மீனை வீட்டுக்குக் கொண்டு வந்தார். கிராணி கொடுத்தாராம். யாரிடமும் வாய் திறக்காதே என்றார். எனக்கு விஷயம் புரிந்தது, ஆனாலும் மீனை அரிந்தேன். அடுத்த வீட்டில் கோயிலிலிருந்து வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள், அன்றைக்கு அவர்களுக்கு ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதம். பொரிக்கிற வாசனை அங்கே போகக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன். என்ன மரியாதை பாருங்கள் எனக்கு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு முள்ளு வரைக்கும் சப்பினோம்.

டிரெய்லருக்கு வெளியே தண்ணீர் அடித்து, உப்பு தெரியாமல் துடைத்துக் கொட்டகையில் பழையபடி நிறுத்திவிட்டார் என் புருஷன். அது அங்கேயே மூன்று வாரத்துக்கு மேல் நின்றது. துரைக்கு வேலை, யாரும் தொடவில்லை. புதுக் கிரீஸ் போட்டது, வெளியே போகாதது, அதனால் இஞ்ஞாசி அண்ணனும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே உப்புத் தண்ணீர் உட்கார்ந்து தின்றது.

மே மாதம் துரை மீனுக்குக் கிளம்பினார். பாதி வழியில், வயல் ஓரத்துச் சாலையில், இடது சக்கரம் புகைந்து கழன்றது. ஜீப்பை முந்திக்கொண்டு ஓடி வாய்க்காலில் விழுந்ததாம். டிரெய்லர் சாய்ந்து, படகு தார் ரோட்டில் தேய்ந்து, அடிப்பக்கம் பிளந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. துரை அழுகிற மாதிரி நின்றாராம்.

கிளாரன்சுக்கு மூளை வேகமாக ஓடும். உடைந்த இடது சக்கரத்தை அன்றைக்கே பழைய இரும்போடு போட்டு அனுப்பிவிட்டார். பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டார். துரையிடம் அவர் சொன்ன கதை இது. இஞ்ஞாசிமுத்து வியாழக்கிழமை வேலையைப் பாதியில் விட்டுவிட்டான். பொழுது சாய்ந்துவிட்டது, சுத்தியல் எடுக்கக் கூடாது என்று பின்னையும் மூடியையும் தட்டாமல் போய்விட்டான். பிறகு மறந்துவிட்டான். சாமி பக்தியில் துரை படகை உடைத்துவிட்டான்.

கேட்கிறவர்களுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது. சுத்தியல் தொட மாட்டார் என்பது ஊரே அறிந்த விஷயம்தானே. ஒரு மனுஷனின் பக்தியை எடுத்தே அவன் தலையில் அடித்தார். அதுவும் யார்? அதே வெள்ளிக்கிழமை தூண்டில் போட்டவர்.

மறுநாள் காலைப் பெரட்டில், நாங்கள் எல்லோரும் வேலைக்கு வரிசையில் நிற்கிற இடத்தில், கிராணி கணீரென்று தமிழில் சொன்னார். வேலையில் கவனக்குறைவு, இஞ்ஞாசிமுத்துவுக்குச் சீட்டுக் கிழிந்தது, ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இஞ்ஞாசி அண்ணன் வலது சக்கரத்தையாவது திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்டார். உனக்கு இனிமேல் பட்டறையில் வேலை இல்லை என்றார் கிராணி. நானூறு பேர் அவரைப் பார்த்தார்கள். அன்றைக்கே பெயர் மாறிவிட்டது. சக்கரம் கழண்ட இஞ்ஞாசி.

அன்று சாயங்காலம் குழாயடியில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் புருஷன் கால் கழுவினார். இஞ்ஞாசி அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார்.

"பழனி, நான் கிரீஸ் போட்டதுக்கு அப்புறம் அந்த டிரெய்லர் வெளிய போச்சா?"

"இல்லண்ணே."

நேரே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். நான் அரிசியைப் பார்த்தேன். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்தேன்.

ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காரணம் இருந்தது. எங்கள் வீடும் தோட்டத்து வீடு, புருஷன் வேலை போனால் நாங்களும் மூட்டை கட்ட வேண்டும், மூன்று பிள்ளைகள். எல்லாம் சரியான காரணம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அகத்தா பாத்திரங்களைச் சாக்கில் போடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். சாமி படத்தை இறக்கிவிட்டிருந்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. போகிற இடம் இன்னும் முடிவாகவில்லை, அம்மியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, நீ வைத்துக்கொள் என்றாள். நானும் குனிந்து அம்மியைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் மீன். இப்போது அம்மி. அந்த வீட்டை உருவி உருவி நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம். அம்மியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பெரட்டுக்குக் கிளம்பும்போது புருஷனிடம் கேட்டேன், நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று. பிள்ளைகளைக் காட்டினார். அந்த வீட்டிலும் பிள்ளைகள்தான் இருக்கின்றன என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் பால் நிறுக்கிற இடத்துக்குத் துரை வந்தார். கிராணி நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றார். என் வாளியை இறக்கி வைத்துவிட்டு நேரே போனேன்.

"துரை, படகு வண்டியோட வலது சக்கரத்தக் கழட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் அவர வீட்ட விட்டுத் தொரத்துங்க."

கிராணி என்னை அதட்டினார். வேலையைப் பார் என்றார். நான் துரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, பட்டறையைத் திறக்கச் சொல்லிவிட்டு இஞ்ஞாசிமுத்துவைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். கூட்டம் வாளியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தது.

இஞ்ஞாசி அண்ணன் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தலையைச் சாய்த்தார். எங்களுக்கே கேட்டது, கடலை மெல்லுகிற சத்தம். மூடி இறுக்கமாக இருந்தது, நாலு பக்கமும் தட்டித்தான் எடுத்தார். பின் மடங்கியபடி அதன் இடத்தில் இருந்தது. தட்டாமல் போனார் என்ற கதை அங்கேயே செத்தது. உள்ளே இருந்த கிரீஸ் தேன் நிறத்தில் இல்லை. பால் ஊற்றின தேத்தண்ணி மாதிரி வெளுத்துப் போயிருந்தது. துடைத்தால் உருளையெல்லாம் செம்புள்ளி.

உடனே கிராணி சொன்னார், பட்டறையில் குழாய் வைத்துக் கழுவியிருப்பான், அந்தத் தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று. துரை யோசித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் விரலை விட்டு அந்த வெள்ளைக் கிரீஸை வழித்து நாக்கில் வைத்தேன். மண்ணெண்ணெய் வாடை, துரு வாடை. அதற்குப் பின்னால் கரித்தது.

"உப்பு துரை. தோட்டத்துக் குழாயில எப்ப இருந்து கடல் தண்ணி வருது? கிராணியையும் கொஞ்சம் நக்கிப் பாக்கச் சொல்லுங்க."

துரை சுண்டு விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். கிரீஸ் போட்டது எப்போது என்று கேட்டார். பெரிய வியாழன் மத்தியானம் என்றார் அண்ணன். நான் பினாங்கிலிருந்து வந்த பிறகு டிரெய்லர் கரைக்கே போகவில்லையே, வழியிலேயே விழுந்துவிட்டதே என்றார் துரை. சொல்லி முடித்தவர் மெதுவாக என் புருஷன் பக்கம் திரும்பினார். என் புருஷன் கிராணியைப் பார்த்தார். கிராணி நோட்டைப் பார்த்தார். இந்த ஆண்கள் எவ்வளவு நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்?

"பெரிய வெள்ளி அன்னைக்கு நீ கொண்டாந்த சியாக்காப்ப நான்தான் பொரிச்சேன்," என்றேன். "யாரு கொடுத்ததுன்னு சொல்லிரு."

அப்புறம் எல்லாம் கொட்டியது. அலோர் ஸ்டார் சிநேகிதர்கள், தண்ணீர் வற்றியது, அவசரம். ஆற வைக்கிற சட்டம் உனக்குத் தெரியாதா என்று துரை கேட்டார். அதற்கு என் புருஷன், துரையை மலாயில் துவான் என்று கூப்பிட்டு, சொன்ன பதிலைச் சொல்லாமல் விட முடியாது.

"பாய் கட சாத்தியிருந்துச்சு துவான். வெள்ளிக்கெழம லா. தேத்தண்ணி எங்க போய்க் குடிக்கிறது?"

ஆறு வருஷம் அந்த மனுஷன் படித்துப் படித்துச் சொன்னதில் இவர் புரிந்துகொண்டது அவ்வளவுதான். தேத்தண்ணி குடிக்க வேண்டும். சக்கரம் ஆறுவதற்காகத் தேத்தண்ணி என்பது மண்டையில் ஏறவே இல்லை. கடை இல்லாவிட்டால் சும்மா குந்தியிருக்கக் கூடாதா? கூட்டத்தில் சிரித்தார்கள். துரைகூட மீசையைத் தடவினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடும்பம் சாக்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்ததே.

கிளாரன்சிடம் கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள், காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று. அவர் காது சிவந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துரை அவரை ஆபீசுக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ பேசினார். என் புருஷனுக்கு ஜீப் சாவி போய், ஆறு மாதம் காட்டில் புல் வெட்டு. உத்தரவு போட்டவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு, ஓட்டியவருக்கு வெயில். இவர் செய்ததற்கு வேண்டும்தான், நான் அழவில்லை. ஆனால் அந்தக் கதவு இன்னும் என் கண்ணை உறுத்துகிறது.

இஞ்ஞாசிமுத்து வேலைக்கு வரலாம், வீட்டில் இருக்கலாம் என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்தார். ஆனால் பட்டறைக்குள் போகவில்லை. பெரட்டு நிற்கிற இடத்துக்கு எதிரே, பட்டறை வாசலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். துரை வந்து கேட்டதற்கு மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"பெரட்டுல வச்சு என்ன வேலைய விட்டுத் தூக்குனாங்க. அதே பெரட்டுல தப்பு என்னுது இல்லன்னு சொல்லட்டும் துவான். மன்னிச்சு விட்ட மாதிரி நான் உள்ள போக மாட்டேன்."

இரண்டு நாள் அந்த டயரில் உட்கார்ந்திருந்தார். அகத்தா சோறு கொண்டு வந்து கொடுத்தாள். பட்டறையில் லாரி நின்றது, பால் ஆட்டுகிற மெஷின் ஒன்று நின்றது. மூன்றாம் நாள் துரை கிராணியைப் பெரட்டில் நிறுத்தினார்.

கிளாரன்ஸ் ஒரு காகிதத்தைப் பிரித்து இங்கிலீசில் படித்தார். வேகமாக, வாய்க்குள்ளேயே படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். வரிசையில் நின்ற நானூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட ஒரு வார்த்தை புரிந்திருக்காது. எனக்கு எந்தப் பாஷையும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏமாற்றுவது எந்தப் பாஷையில் நடந்தாலும் தெரியும். வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"கிராணி, தமிழ்ல சொல்லுங்க. அவர வேலைய விட்டுத் தூக்குனத தமிழ்லதான சொன்னீங்க."

பின்னால் யாரோ ஆமாம் என்றார்கள். பிறகு இன்னும் நாலு பேர். துரை கையைக் கட்டிக்கொண்டார். கிளாரன்ஸ் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சக்கரம் கழண்டதுக்கு இஞ்ஞாசிமுத்து காரணமில்ல. அவர் வேலைய சரியாத்தான் செஞ்சிருந்தாரு."

தான்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வைக்க எனக்கும் வாய் போதவில்லை. அண்ணன் டயரிலிருந்து எழுந்தார். பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு பட்டறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் வாடை வந்தது.

கிளாரன்ஸ் இன்னும் நாலு வருஷம் கிராணியாகவே இருந்தார். பிறகு மாற்றலாகிப் போகும்போது மாலை போட்டு, பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்கள். இஞ்ஞாசி அண்ணன் எண்பத்தேழில் போனார், நெஞ்சு வலி. கடைசி வாரம் வரைக்கும் அவர் உள்ளங்கையில் கிரீஸ் இருந்தது. ஆனால் பாருங்கள், பெரட்டில் கிராணி முதலில் கத்தியது ஊருக்குள் தங்கிவிட்டது, பிறகு முனகியது தங்கவில்லை. கல்யாண வீட்டு இலை வரைக்கும் அந்த முதல் பொய்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

படகை ஒட்ட வைத்து, புது பேரிங் போட்டு, அந்த வருஷக் கடைசியில் துரை மறுபடியும் மீனுக்குப் போனார். என் புருஷனுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. என்னோடு பேசுவதை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது, சோறு மட்டும் சாப்பிடுவார். முதல் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. கிளம்புகிற காலையில் ஜீப் சீட்டில் ஒரு பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி வைத்தேன். இஞ்ஞாசி அண்ணன் டிரெய்லர் மூடியைக் கடைசியாக ஒரு தட்டு தட்டிவிட்டு நிமிர்ந்து அதைப் பார்த்தார்.

"இன்னைக்குப் பாய் கட இருக்காது," என்றேன்.

அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கேட்கும்போது வருகிற அந்த இரண்டாவது முகம் வந்தது. என் புருஷன் பிளாஸ்கை எடுத்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது பிளாஸ்க் காலியாக இருந்தது. ஹப்பைத் திறந்தார் அண்ணன். கிரீஸ் தேன் நிறத்தில் இருந்தது.